8 பிளைண்ட் மிச்சம் இருக்கும்போது எதுக்கு ஆல்-இன்? போக்கர் கணக்கும் நம்ம பாக்கெட் கணக்கும்

வீடியோவில் இந்தக் கணக்கு ரொம்ப வேகமாகப் போயிடுச்சு. ஸ்கிரீன்ல நம்பர் வந்து மறையுற வேகத்துக்கு யாரும் பேனா எடுக்க முடியாது. அதனால இங்கே மெதுவா, ஒவ்வொரு வரியா போட்டுப் பார்க்கலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது "போக்கர் ஆடி சம்பாதிக்கலாம் வாங்க" கட்டுரை இல்லை. கடைசிப் பகுதியில வரிக் கணக்கு இருக்கு, அதைப் படிச்சா அந்த ஆசை தானா அடங்கிடும். ஆனா கையில பணம் குறைஞ்சுக்கிட்டே போகும்போது ரிஸ்க் எடுக்கிறது எப்போ புத்திசாலித்தனம், எப்போ பைத்தியக்காரத்தனம்ங்கிற கேள்விக்கு, போக்கர் டோர்னமெண்ட் அளவுக்கு சுத்தமான கணக்கு வேற எங்கேயும் கிடைக்காது. ஏன்னா அங்கே எல்லாமே எண்கள். எவ்வளவு மிச்சம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு கரையும், அடுத்தவன் பயந்து விலக எவ்வளவு வாய்ப்பு, எல்லாத்தையும் எழுதிப் பார்க்கலாம்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. டெக்சாஸ் ஹோல்டம் போக்கர்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடி வரும், நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு விழும். ஒவ்வொரு கையிலும் ரெண்டு பேர் கட்டாயமா பணம் வைக்கணும், அதுக்குப் பேர் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். அதோட ஆன்டின்னு ஒரு தொகை (பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லீங்க). டோர்னமெண்ட்ல நேரம் போகப் போக இந்தக் கட்டாயத் தொகை ஏறிக்கிட்டே போகும். சிப் தீர்ந்தா வெளியே. கையில இருக்கிறது பிக் பிளைண்டைப் போல பத்து மடங்குக்குக் கீழே இறங்கிட்டா அவர் ஷார்ட் ஸ்டாக். அந்த நிலையில இருக்கிற எல்லா சிப்பையும் ஒரேயடியா உள்ளே தள்ளுறதுதான் ஷவ்.

சும்மா உட்கார்ந்தாலும் செலவுதான்

ஒரு டேபிள்ல ஒன்பது பேர். பிளைண்ட் 500, 1,000. ஆன்டி 1,000, அதை பிக் பிளைண்ட்ல இருக்கிறவரே எல்லாருக்கும் சேர்த்து வைக்கிறார்னு வச்சுக்கோங்க. இப்போ பெரும்பாலான டோர்னமெண்ட்ல இதுதான் வழக்கம். உங்ககிட்ட 8,000 சிப்.

ஒரு முழு சுற்று நீங்க ஒரு சீட்டுகூட ஆடாம உட்கார்ந்தா செலவு 2,500. அதாவது மூணு சுற்றுல கதை முடிஞ்சிடும். இருக்கிற சிப்பை இந்த ஒரு சுற்றுச் செலவால வகுக்கிற எண்ணுக்கு போக்கர்ல 'எம்'னு பேர். பேக்கேமன் சாம்பியனா இருந்த பால் மேக்ரியலோட பேர்ல இருந்து வந்தது. 1995-ல வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட் ஜெயிச்ச டான் ஹாரிங்டன், 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டம்' புத்தகத்துல இதை விரிவா எழுதி பிரபலப்படுத்தினார். எம் 20-க்கு மேல இருந்தா பச்சை மண்டலம், 5-க்குக் கீழே சிவப்பு. நம்ம உதாரணத்துல எம் 3.2. நல்ல சிவப்பு.

பர்சனல் ஃபைனான்ஸ் படிக்கிறவங்களுக்கு இது புதுசே இல்லை. சேமிப்பை மாசச் செலவால வகுத்து "எத்தனை மாசம் தாங்கும்"னு பார்ப்போமே, அதே வகுத்தல்தான்.

இந்த இடத்துல எல்லாருக்கும் வர்ற முதல் எண்ணம், "நல்ல சீட்டு வரட்டும், அப்போ போடலாம்". கேட்க நிதானமான புத்தியாத் தெரியும். கணக்கு போடுவோம். நல்ல சீட்டுன்னா 10-10 முதல் ஏஸ்-ஏஸ் வரைக்கும் ஜோடி, அப்புறம் ஏஸ்-கிங், ஏஸ்-குயின்னு வச்சுக்கலாம். மொத்தம் 1,326 விதமா ரெண்டு சீட்டு வரலாம். அதுல இந்த மாதிரி 62 தான். 4.7%. ஒன்பது கை கொண்ட ஒரு முழு சுற்று காத்திருந்தா, ஒரு தடவையாவது இது வர்றதுக்கு வாய்ப்பு 35%. மிச்சம் 65% நேரம் 2,500 சிப்பைக் கொடுத்துட்டு, அதே மாதிரி மொக்கை சீட்டோட, 5,500 சிப்போட உட்கார்ந்திருப்பீங்க. நிதானம்னு நினைச்சது வாடகை கட்டிக்கிட்டே காத்திருந்ததுதான்.

ரெண்டு வழியில ஜெயிக்கலாம்

இப்போ முக்கியமான கணக்கு. நீங்க பட்டன்ல இருக்கீங்க, அதாவது உங்களுக்குப் பின்னால ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் ரெண்டு பேர் மட்டும்தான் பாக்கி. முன்னாடி எல்லாரும் ஃபோல்ட். உங்க சீட்டு சுமார். யாராவது கால் பண்ணினா நீங்க ஜெயிக்க 38% வாய்ப்புதான்னு வச்சுக்குவோம். அதாவது மாட்டினா நீங்கதான் பலவீனமான ஆள்.

ஷவ் பண்றீங்க. 70% நேரம் ரெண்டு பேருமே விலகிடுவாங்க, 30% நேரம் பிக் பிளைண்ட் கால் பண்ணுவார்னு வச்சுக்கோங்க. விலகினா உங்க 8,000 கூட நடுவுல கிடக்கிற 2,500 சேர்ந்து 10,500. கால் பண்ணினா பாட் 17,500 ஆகும், அதுல உங்க பங்கு 38%, அதாவது சராசரியா 6,650.

10,500-ல 70% எடுத்தா 7,350. 6,650-ல 30% எடுத்தா 1,995. கூட்டினா 9,345. ஃபோல்ட் பண்ணியிருந்தா கையில 8,000 தான். சராசரியா 1,345 சிப் லாபம்.

நல்லா கவனிங்க. கால் பண்ணினா நஷ்டப்படுற சீட்டு அது. எதிராளி ஒவ்வொரு தடவையும் கால் பண்ணுவார்னா, 8,000 போய் 6,650 ஆகும், 1,350 நஷ்டம். அதே சீட்டு, அதே சிப். நஷ்டத்தை லாபமா மாத்தினது சீட்டு இல்லை, எதிராளி விலகுற வாய்ப்பு. இதுக்குப் பேர்தான் ஃபோல்ட் ஈக்விட்டி. இந்த உதாரணத்துல எதிராளி 65% நேரம் வரைக்கும் கால் பண்ணினாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. அந்த அளவுக்கு நடுவுல கிடக்கிற 2,500 பெருசு.

இதனாலதான் எங்கே உட்கார்ந்திருக்கீங்கங்கிறது சீட்டைவிட முக்கியமாயிடுது. பின்னால எட்டு பேர் இருந்தா, அதுல ஒருத்தர்கிட்டயாவது மேலே சொன்ன நல்ல சீட்டு இருக்க வாய்ப்பு சுமார் 32%. ரெண்டு பேர்தான்னா 9%. அதே சீட்டை முதல் ஆளா தள்ளுறவர் அசட்டுத்தனம் பண்றார், பட்டன்ல இருந்து தள்ளுறவர் சரியா ஆடறார். ரெண்டே பேர் மிச்சம் இருந்து பத்து பிளைண்ட் ஸ்டாக் இருந்தா, நாஷ் சமநிலைக் கணக்குப்படி ஸ்மால் பிளைண்ட்ல இருந்து பாதிக்கும் மேற்பட்ட கைகளைத் தள்ளலாம். டிவியில பார்க்கிறவங்களுக்கு அது வெறித்தனமா தெரியும். உட்கார்ந்து கணக்கு போட்டவங்களுக்கு அது வெறும் அட்டவணை.

பயமுறுத்துற சக்தி எப்போ தீருது

சிப் குறையக் குறைய அட்டாக் பண்ண வேகம் கூடணும்னு நிறைய பேர் நினைப்பாங்க. உண்மை என்னன்னா, சிப் குறையக் குறைய உங்க ஆயுதம் மழுங்குது.

நீங்க 8,000 தள்ளினா பிக் பிளைண்ட்காரர் இன்னும் 7,000 போடணும், மொத்த பாட் 17,500. அவருக்கு 40% வெற்றி வாய்ப்பு இருந்தாத்தான் கால் பண்றது கட்டுப்படியாகும். ஒரு சுற்று கழிச்சு 5,500 தள்ளினா, அவருக்கு 36% போதும். அதுக்கு அடுத்த சுற்றுல 3,000 தான் மிச்சம்னா, அவர் 2,000 போட்டு 7,500-க்கு ஆடறார். 27% இருந்தாலே போதும்.

27%ங்கிறது எவ்வளவு குறைவுன்னா, போக்கர்லயே மட்டமான சீட்டுன்னு எல்லாரும் கிண்டல் பண்ற 7-2, உங்க ஏஸ்-கிங்குக்கு எதிரா சுமார் 32% ஜெயிக்கும். அதாவது நீங்க ஏஸ்-கிங்கைத் திறந்து காட்டிட்டே தள்ளினாலும், அவர் 7-2 வச்சுக்கிட்டு கால் பண்றது சிப் கணக்குப்படி சரி! உங்க ஷவ்ல பயமுறுத்தல்னு ஒண்ணுமே மிச்சம் இல்லை. இனிமே ஜெயிக்க ஒரே வழிதான், சீட்டு விழணும்.

அதனால 8 பிளைண்ட்ல தள்ளுறவரைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே"ன்னு சொல்றது தப்பு. பொறுக்கிறதுக்கான காலம் அவர்கிட்ட 20 பிளைண்ட் இருந்தப்போ இருந்தது.

இதுக்கு சீட்டாட்டத்துக்கு வெளியே நான் அடிக்கடி பார்க்கிற வடிவம் வேலை தேடல். லே-ஆஃப் ஆனவங்க, கையில ஆறு மாசச் செலவுக்குப் பணம் இருக்கும்போது "கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு நல்ல ஆஃபர் வரட்டும்"னு நாலு மாசம் தள்ளிடறாங்க. அஞ்சாவது மாசம் இன்டர்வியூ போகும்போது எச்ஆர் கேட்கிற முதல் கேள்வியிலயே தெரிஞ்சிடும், இந்த ஆளால "நோ" சொல்ல முடியாதுன்னு. "இந்த சம்பளம் பத்தாது, யோசிச்சு சொல்றேன்"னு எழுந்திரிக்கிற வலு முதல் மாசத்துல இருந்தது. அதுதான் ஃபோல்ட் ஈக்விட்டி. பேரம் பேசற வலு பேங்க் பேலன்ஸோட சேர்ந்தே கரையுது.

சிப் வேற, பணம் வேற

இதுவரைக்கும் போட்ட கணக்கு எல்லாம் சிப் கணக்கு. டோர்னமெண்ட் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அது மட்டும் போதாது. ஏன்னா சிப்பைக் கொடுத்து கவுண்டர்ல பணம் வாங்க முடியாது. எந்த இடத்துல வெளியே போறீங்களோ அதுக்குத்தான் பரிசு.

சிப்பை ரூபாயா மாத்திப் பார்க்கிற ஒரு கணக்குமுறை இருக்கு. சுருக்கமா ஐசிஎம். டேவிட் ஹார்வில் 1973-ல குதிரைப் பந்தயத்துல ரெண்டாவது, மூணாவது இடத்துக்கான வாய்ப்பைக் கணக்கிட எழுதின சூத்திரம், அதையே 1987-ல மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டு வந்தார். முதல் இடம் வர்ற வாய்ப்பு உங்க சிப் விகிதத்துக்குச் சமம். ஜெயிச்சவரை விலக்கிட்டு மிச்சம் இருக்கிறவங்களுக்கு அதே விதி. அவ்வளவுதான்.

நாலு பேர் மிச்சம். பரிசு மூணு பேருக்கு: 50,000, 30,000, 20,000. நாலாவது ஆளுக்கு ஒண்ணும் கிடையாது. எல்லார்கிட்டயும் சமமான சிப். அப்போ ஒவ்வொருத்தரோட இடத்துக்கும் மதிப்பு 25,000 ரூபாய்.

இப்போ ஒருத்தர் ஆல்-இன், நீங்க கால் பண்ணி ஜெயிச்சிட்டீங்க. உங்க சிப் டபுள். மொத்த சிப்புல பாதி உங்ககிட்ட. மதிப்பும் டபுளாகி 50,000 ஆகணும் இல்லையா? ஆகாது. முதல் இடம் வர 50% வாய்ப்பு, அதுக்கு 25,000. ரெண்டாவது வர மூணுல ஒரு பங்கு வாய்ப்பு, அதுக்கு 10,000. மூணாவது வர ஆறுல ஒரு பங்கு, அதுக்கு 3,333. மொத்தம் 38,333. தோத்திருந்தா பூஜ்யம்.

25,000-ஐப் பணயம் வச்சு ஜெயிச்சா கிடைக்கிற கூடுதல் 13,333 மட்டும்தான். இந்தக் கால் கட்டுப்படியாக உங்களுக்கு 65% வெற்றி வாய்ப்பு வேணும். சாதாரணமா ஜோடி சீட்டுக்கும் அதைவிடப் பெரிய ரெண்டு சீட்டுக்கும் நடக்கிற மோதல் கிட்டத்தட்ட டாஸ் மாதிரி, ஜோடிக்கு 55% பக்கம். சிப் கணக்குல அது லாபம். பணக் கணக்குல பெரிய நஷ்டம்.

மிச்சம் 11,667 எங்கே போச்சு? சண்டையில கலந்துக்காம வேடிக்கை பார்த்தாங்களே ரெண்டு பேர், அவங்ககிட்ட. ஒவ்வொருத்தரோட மதிப்பும் 25,000-ல இருந்து 30,833 ஆகிடுச்சு, சீட்டைக்கூடத் தொடாம. நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் அவங்களுக்கு லாபம். அப்பத்துக்கு சண்டை போட்ட ரெண்டு பூனையும் தராசு பிடிச்ச குரங்கும் கதைதான், இங்கே குரங்கு ரெண்டு.

இதுல இருந்து ஷார்ட் ஸ்டாக்குக்கு ரெண்டு விஷயம் கிடைக்குது. ஒண்ணு, தள்ளுறதும் கால் பண்றதும் ஒரே ரிஸ்க் இல்லை. தள்ளுறவருக்கு எதிராளி விலகுற வழியும் இருக்கு. கால் பண்றவருக்கு சீட்டு ஒண்ணுதான் துணை. அதனால தானா தள்ளுற அதே சீட்டை வச்சுக்கிட்டு அடுத்தவரோட ஆல்-இன்னைக் கால் பண்ணக் கூடாது. ரெண்டாவது, யாரைப் பார்த்துத் தள்ளுறோம். பெரிய ஸ்டாக்காரருக்கு நீங்க ஒரு கொசுக்கடி, ஜாலியா கால் பண்ணுவார். தோத்தா தானும் வெளியே போயிடுவோமேன்னு பயப்படற நடுத்தர ஸ்டாக்காரர்தான் விலகுவார். உங்களைவிடக் குறைவான சிப்போட ஒருத்தர் அடுத்த கையில பிளைண்ட் வைக்கப் போறார்னா, சுமார் சீட்டை எல்லாம் மடிச்சு வச்சுட்டு அவருக்காகக் காத்திருக்கிறதுதான் சரி. "ஷார்ட் ஸ்டாக்னா கண்ணை மூடித் தள்ளு"ன்னு சொல்றவங்க இந்தப் பாதியைச் சொல்ல மறந்துடறாங்க.

சில சமயம் எதிர்ப்பக்கமும் உண்மை. 2024 வேர்ல்ட் சீரீஸ் மெயின் ஈவென்ட்ல 10,000 டாலர் கட்டி 10,112 நுழைவுகள். இறுதி டேபிள்ல ஒன்பதாவது ஆளுக்கு 10 லட்சம் டாலர், முதல் ஆளுக்கு 1 கோடி டாலர். ரெண்டாவது ஆளுக்கு 60 லட்சம். ஒன்பதுல இருந்து எட்டுக்கு ஏறினா கூடுறது 2.5 லட்சம், ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு ஏறினா கூடுறது 40 லட்சம். பரிசு இப்படி மேல்கனமா இருக்கும்போது, ஒவ்வொரு படியா ஒட்டிக்கிட்டு ஏறணும்னு நினைக்கிறவர் பெரிய பரிசுகளுக்கான சிப்பைச் சேர்க்கவே முடியாது.

அதே மெயின் ஈவென்ட்ல 1982-ல ஜாக் ஸ்ட்ராஸ் ஜெயிச்ச கதையை போக்கர் ரசிகர்கள் இன்னும் சொல்வாங்க. எல்லாம் போச்சுன்னு எழுந்தவருக்கு ஒரே ஒரு சிப் மிச்சம் கிடந்ததாம், அதை வச்சே சாம்பியன் ஆனாராம். நல்ல கதை. ஆனா ஒரே சிப்போட மிச்சம் இருந்து அடுத்த பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போனவங்க கதையை யாரும் நாற்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

நிஃப்டி ஃபோல்ட் பண்ணாது

இந்தக் கட்டுரையை எழுத உண்மையான காரணம் இதுதான். எக்ஸ்பைரி அன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு, அக்கவுண்ட்ல மிச்சம் இருக்கிற 15,000-ஐ ஒரே ஆப்ஷன்ல போடறதுக்கு "ஜீரோ டு ஹீரோ"ன்னு பேர் வச்சிருக்காங்க. கேட்டா "ஏற்கெனவே ஒரு லட்சம் போச்சு, இந்தப் பதினஞ்சை வச்சு என்ன பண்றது, ஒரே அடியா அடிக்கலாம்"னு பதில். இந்த வாதத்துக்கும் ஷார்ட் ஸ்டாக் ஷவ்வுக்கும் மேலோட்டமா ஒற்றுமை இருக்கு. நேரம் போகப் போக ஆப்ஷன் பிரீமியம் கரையறது பிளைண்ட் மாதிரியேதான்.

ஆனா ஷவ்வை சரியான முடிவாக்கின மூணு விஷயத்துல ஒண்ணுகூட இங்கே இல்லை. உங்க 15,000-ஐப் பார்த்து பயந்து நிஃப்டி விலகாது. மார்க்கெட்ல நீங்க எப்பவுமே 7-2 வச்சு கால் பண்ணப்படுற ஆள்தான். ரெண்டாவது, டோர்னமெண்ட் சிப்பை வெளியே எடுத்து அரிசி வாங்க முடியாது, அதனால அதைக் காப்பாத்தி வைக்கிறதுல தனி லாபம் இல்லை. டீமேட்ல இருக்கிற 15,000-ஐ இன்னைக்கு சாயங்காலமே வித்ட்ரா பண்ணி கிரெடிட் கார்டு பில் கட்டலாம். வருஷத்துக்கு 36%, 40%னு வட்டி ஓடற கார்டுன்னா அது நிச்சயமான லாபம். மூணாவது, டோர்னமெண்ட்ல நுழைவுக் கட்டணம்தான் அதிகபட்ச நஷ்டம், அது ஆட்டம் தொடங்கும்போதே போயாச்சு. இங்கே அடுத்த மாச சம்பளம் வந்ததும் மறுபடி அக்கவுண்ட்ல ஏத்தறீங்க.

உங்க சேமிப்புக்கு பிளைண்ட் வைக்கிறது யாருன்னு கேட்டுப் பாருங்க. உட்கார்ந்திருந்தாலே மூணு சுற்றுல எல்லாம் தீர்ந்துடுமா? விலைவாசி ஏற்றம் கரைக்கும், ஆனா அது வருஷத்துக்கு சில சதவீதம். எம் 3 இல்லை. மாச சம்பளம் வர்ற ஒருத்தர், தான் ஷார்ட் ஸ்டாக்னு நம்பறது பெரும்பாலும் நஷ்டம் கொடுக்கிற அவசரம்தான், கணக்கு இல்லை. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, முந்தைய மூணு நிதியாண்டுகள்ல எஃப் அண்ட் ஓ ஆடின தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. இதுல எத்தனை பேர் கடைசி அடி அடிச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்போ என் டிபார்ட்மெண்ட்: வரி

சரி, நான் நல்லா ஆடுவேன், ஷவ் அட்டவணை எல்லாம் மனப்பாடம், ஆடலாமான்னு கேட்கிறவங்களுக்கு.

ஆன்லைன்ல பணம் கட்டி ஆடறது முடிஞ்ச கதை. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ரெண்டும் திறமை ஆட்டம்னு சொல்லி தமிழ்நாட்டுத் தடையில இருந்து விலக்கினது உண்மை. ஆனா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேற்றின ஆன்லைன் கேமிங் சட்டம் திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்கவே இல்லை. பணம் கட்டி ஆடற எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை. நடத்துறவங்களுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடறவங்களுக்கு தண்டனை இல்லை, ஆனா பேங்க் பணம் அனுப்பக் கூடாது. "சார், வெளிநாட்டு ஆப்ல கிரிப்டோ வழியா ஆடலாமாம்"னு யாராவது சொன்னா தள்ளியே நில்லுங்க. ஜெயிச்ச பணத்தை அவன் கொடுக்கலைன்னா புகார் கொடுக்க ஒரு இடமும் இருக்காது.

நேர்ல, கோவா கேசினோக்கள்ல நடக்கிற டோர்னமெண்ட்னு வச்சுக்குவோம். சீட்டாட்டப் பரிசுக்கு 1961 சட்டத்துல 115பிபி பிரிவு, நேரா 30%, செஸ் சேர்த்து 31.2%. 2026 ஏப்ரல் 1-ல இருந்து வர்ற புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண் மாறுது, இந்த 30% மாறலை. "சம்பளம் 12 லட்சத்துக்குள்ளதான், எனக்குத்தான் வரியே இல்லையே"ங்கிறது இங்கே செல்லாது. 87ஏ தள்ளுபடி இந்த வருமானத்துக்குக் கிடையாது. எல்லாத்தையும்விடக் கொடுமை, செலவு எதையும் கழிக்க முடியாது. தோத்த டோர்னமெண்ட்டோட நுழைவுக் கட்டணம், ஃபிளைட், ரூம், ஒண்ணும் கிடையாது.

எண்ணைப் போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 50 டோர்னமெண்ட், ஒவ்வொண்ணுக்கும் 10,000. செலவு 5 லட்சம். நீங்க நிஜமாவே நல்ல ஆட்டக்காரர், 20% லாபம் எடுக்கறீங்க. மொத்தப் பரிசு 6 லட்சம். கையில 1 லட்சம் லாபம்னு நினைப்பீங்க. வரி 6 லட்சத்துக்கு: 1,87,200. வருஷக் கடைசியில 87,200 நஷ்டம். வரிக்கு அப்புறம் கைக்காசு போகாம இருக்கவே 5 லட்சம் செலவுக்கு கிட்டத்தட்ட 7.27 லட்சம் பரிசு வாங்கணும், அதாவது 45% லாபம். பயணச் செலவு இதுல சேர்க்கவே இல்லை. ஆன்லைனுக்கு 2023-ல இருந்து ஒரே தளத்துல கட்டின பணத்தைக் கழிச்சு நிகர வெற்றிக்கு மட்டும் வரின்னு ஒரு விதி இருந்தது. நேர்ல ஆடறதுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

இதுல வேடிக்கையான ஒரு விஷயம். வரி எல்லாப் பரிசையும் ஒரே விகிதத்துல குறைக்குது. அதனால டேபிள்ல உட்கார்ந்த பிறகு ஷவ் பண்ணலாமா, கால் பண்ணலாமாங்கிற முடிவை அது துளிகூட மாத்தாது. மேலே பார்த்த 65% வரிக்கு முன்னும் 65%, பின்னும் 65%. வரி மாத்துறது ஒரே ஒரு முடிவை, அந்த டேபிள்ல உட்காரணுமாங்கிற முடிவை.

ஏற்கெனவே ஆடி ஜெயிச்சவங்க கவனத்துக்கு. பரிசு 10,000-ஐத் தாண்டினா 30% டிடிஎஸ் பிடிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க, அது உங்க ஏஐஎஸ்-ல வரும். அதனால அந்த வருமானத்தை விட்டுட்டு ரிட்டர்ன் போட்டா நோட்டீஸ் வர்றது நிச்சயம். இந்த வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. சம்பளக்காரர்னா ஐடிஆர்-2, அதுல 'இதர வருமானம்' பகுதியில சிறப்பு விகித வரிசையில காட்டணும். டிடிஎஸ் பிடிச்சது 30%, கட்ட வேண்டியது 31.2%, அந்த 1.2% வித்தியாசத்தை ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி நீங்களே செல்ஃப் அசெஸ்மெண்ட் டாக்ஸா கட்டிடுங்க. கேசினோ கொடுத்த டிடிஎஸ் சர்டிஃபிகேட்டை வாங்காம கோவாவில இருந்து கிளம்பாதீங்க. அப்புறம் அதுக்காக மெயில் போட்டுக்கிட்டே இருக்கணும்.